யாரென்று கேட்கும் கோப்புறை: கடவுச்சொல் வரலாற்றில் ஒரு கிளைக்கதை

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த சிற்றூர். அங்கே எங்கள் நண்பர் ஒருவரின் குடும்பம் நெடுங்காலமாக உரக்கடை நடத்தி வருகிறது. கடையில் இரண்டு கணினிகள் உண்டு. முன்கட்டில் இருப்பது பில் போடுவதற்கு; பின்கட்டில் இருப்பது கணக்குப்பிள்ளைக்கு. விற்பனை, கொள்முதல், பாக்கி ஆகிய எல்லா விவரங்களும் முன்கட்டுக் கணினியின் ஒரு கோப்புறையில் சேரும். அக்கோப்புறை பகிரப்பட்டிருப்பதால் கணக்குப்பிள்ளை தம் இருக்கையில் இருந்தபடியே அதைத் திறந்து கணக்கை முடிப்பார். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்து வந்தது.

பின்கட்டுக் கணினி ஒரு மழைக்கால மின்வெட்டுக்குப் பிறகு உயிர்த்தெழவில்லை. அதன் இடத்துக்குப் புதிய மடிக்கணினி ஒன்று வந்தது. ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதிக்கு முந்தைய நாள் கணக்குப்பிள்ளை கோப்புறையைச் சொடுக்கினார். கோப்புறை திறக்கவில்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு சிறு சாளரம் எழுந்து நின்றது. காலையில் மடிக்கணினியைத் திறக்க எந்த எண்களைத் தட்டினாரோ அவற்றையே தட்டினார். தவறு என்றது. மீண்டும் தட்டினார். மீண்டும் தவறு. தோட்டம் பார்க்கப் போயிருந்த எங்களிடம் அவர் சொன்னது இதுதான்: "இருவது வருசமா நான் எழுதுன கணக்கு தம்பி. இன்னைக்கு என்னையவே யாருன்னு கேக்குது."

அன்றைய சிக்கல் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. ஆனால் அவர் குரலில் இருந்த மனவருத்தம் எங்களை விட்டு அகலவில்லை. இதுநாள் வரை கேட்காத கதவு இன்று ஏன் கேட்கிறது? அலுவலகக் கணினிகளோடு வாழும் எவரும் ஒருமுறையேனும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. இதற்கு விடை தேடப் போனால், இயந்திரக் கோளாறைவிட ஒரு நீண்ட வரலாறே எதிர்ப்படுகிறது.

*

கடவு என்பது தமிழில் வழியைக் குறிக்கும் பழைய சொல். ஈழத்தமிழர் கடவுச்சீட்டு என்று சொல்லும்போதும் அது வழிவிடும் சீட்டுதான். அவ்வாறே கடவுச்சொல் வழிவிடும் சொல். வழிவிடும் சொல்லின் வரலாறு படைமுகாம்களிலிருந்து தொடங்குகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியஸ், ரோமானியப் படை இரவுக்கான அடையாளச் சொல்லை எப்படிப் பரப்பியது என்று விவரித்திருக்கிறார். சூரியன் மறையும் வேளையில் அச்சொல் எழுதப்பட்ட மரப்பலகை தளபதியின் கூடாரத்திலிருந்து புறப்படும். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குச் சாட்சிகள் முன்னிலையில் கைமாறும். இருள் சூழ்வதற்குள் தளபதியிடமே திரும்ப வேண்டும். ஒரு பலகை திரும்பாவிட்டால், வந்து சேர்ந்த பலகைகளின் குறிகளைப் பார்த்து எந்தப் பிரிவில் சொல் நின்றுபோயிற்று என்பதைக் கண்டுகொள்வார்கள். சொல் எங்கே தடைப்பட்டது என்று தேடும் கலைக்கும் சொல்லைப் போலவே வயது அதிகம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம் வேறொரு கதவைக் காட்டுகிறது. யோர்தான் நதித்துறையைக் கடக்க வந்தவர்களைக் கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்தை 'சி' என்று ஒலித்தவன் எப்பிராயீம் குலத்தான் என்று அறிந்து கொன்றார்கள். இங்கே சொல் இரகசியமன்று. எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். சோதிக்கப்பட்டது அதைச் சொல்லும் நாக்கு.

ஆக, கதவுகள் இருவகைக் கேள்விகளைக் கேட்டு வந்திருக்கின்றன. "உனக்குச் சொல் தெரியுமா?" என்பது ஒன்று. "நீ யார்?" என்பது மற்றொன்று. ரோமானிய முகாமில் சொல்லை அறிந்தவன் எவனும் நம்மவன்; யோர்தான் துறையில் சொல்லை அறிந்திருந்தும் பயனில்லை. உரக்கடையின் கோப்புறைக்கு முன்னால் கணக்குப்பிள்ளை திகைத்து நின்றதும், கணினி உலகம் முதல் கேள்வியைக் கைவிட்டு இரண்டாம் கேள்விக்கு நகர்ந்ததன் விளைவுதான்.

*

கணினிக்குள் கடவுச்சொல் நுழைந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் தலைமையில் சிடிஎஸ்எஸ் என்னும் அமைப்பு 1961இல் இயங்கிக் காட்டப்பட்டது. ஒரே பெரிய கணினியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஒரே சமயத்தில் பயன்படுத்த அது வழிசெய்தது. ஒரு பொருளைப் பலர் பகிரும்போது ஒருவர் தாளை மற்றவர் புரட்டாதிருக்க வேலி வேண்டும். ஆகவே ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். கணினியில் கடவுச்சொல் பகிர்வின் பிள்ளையாகவே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வேலி கட்டிய மறு ஆண்டே அது தாண்டப்பட்டது. தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாத ஆய்வு மாணவர் ஆலன் ஷெர் என்பவர் 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பல்லாண்டுகள் கழித்து அதை அவரே சொன்னார். அப்பதிற்றாண்டிலேயே மற்றொரு விபத்தும் நேர்ந்தது. அன்றாட அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் தவறுதலாக இடம் மாறிவிட, உள்ளே நுழைந்தவர் அனைவரின் திரையிலும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக ஓடின. 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற கோர்பாட்டோ, தம் விருது உரையில் இந்நிகழ்ச்சியை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். சிக்கலான அமைப்புகள் எப்படியும் தவறும் என்பதே அவ்வுரையின் பொருள்.

1980களில் வந்த தனிக்கணினி இக்கதையைப் புரட்டிப் போட்டது. மேசைமேல் இருக்கும் கணினிக்கு ஒரே ஆள்தான். அவருக்குப் பெயர் எதற்கு? அறைக்கதவைப் பூட்டினால் கணினியும் பூட்டியதாகிவிடும். ஆனால் அலுவலகங்கள் அக்கணினிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றின் கோப்பை மற்றொன்றில் திறக்க விரும்பின. ஐபிஎம் நிறுவனத்தில் பாரி பைகன்பாம் என்பவர் அதற்காக ஒரு நெறிமுறையை வகுத்தார். எஸ்எம்பி என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. மைக்ரோசாஃப்ட் 1987இல் லேன் மேனேஜர் என்ற பெயரிலும், 1992இல் விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் என்ற பெயரிலும் அதைப் பரப்பியது.

விண்டோஸ் 95இன் வழக்கமான ஏற்பாட்டில் கடவுச்சொல் ஆளுக்கு உரியதாக இல்லை, கோப்புறைக்கு உரியதாக இருந்தது. 'கணக்கு' என்ற கோப்புறைக்கு ஒரு சொல். அதை அறிந்தவர் எவரும் உள்ளே வரலாம். ரோமானிய முகாமின் முறை இது. ஆனால் ரோமானியக் காவலனைவிட இக்காவலன் ஏமாளி. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கணினி "என் சொல்லின் நீளம் ஒரே எழுத்து" என்று சொல்லிக்கொண்டால், இக்காவலன் முதல் எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவான். விண்டோஸ் 95, 98, எம்ஈ ஆகிய மூன்றிலும் இருந்த இக்குறைக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் திருத்தம் வெளியாயிற்று.

1993இல் வந்த விண்டோஸ் என்டி இரண்டாம் கேள்வியைக் கேட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஒவ்வொரு கோப்புறையும் யார் யாருக்கு உரியது என்று ஒரு பட்டியல். பெரிய அலுவலகங்களில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வைத்தார்கள். விண்டோஸ் 2000 முதல் அப்பொதுப் பதிவேட்டைக் காப்பது கெர்பரோஸ் என்னும் முறை. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. உருவானது மீண்டும் எம்.ஐ.டி.யில்தான். இந்நாய் மோப்பத்தோடு நேரத்தையும் பார்க்கும். வழக்கமான அமைப்பில் இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் அதன் அனுமதிச் சீட்டு செல்லாது. உள்ளிருக்கும் சிறு பொத்தான் மின்கலம் தீர்ந்துபோய்ப் பழைய தேதியோடு விழித்தெழும் கணினி, தன் வீட்டிலேயே அயலானாகிவிடுவது இதனால்தான்.

உரக்கடை போன்ற சிறிய இடங்களில் பொதுப் பதிவேடு கிடையாது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பதிவேடு. ஒன்றின் பதிவேட்டில் உள்ள பெயர் மற்றதற்குத் தெரியாது. அப்படியானால் அங்கெல்லாம் இத்தனை ஆண்டுகளாகக் கோப்புறைகள் எப்படிக் கேள்வியின்றித் திறந்தன?

*

இரண்டு வழிகளில் திறந்தன என்பதே விடை. முதலாவது விருந்தினர் வழி. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, 'எளிய பகிர்வு' என்ற ஏற்பாட்டின்கீழ், வலையமைப்பின் ஊடாக வருபவர் எவராயினும் 'கெஸ்ட்' என்றே கொண்டது. பெயர் கேட்பதில்லை, வந்தவருக்கெல்லாம் திண்ணையில் இடம்.

இரண்டாவது வழி நுட்பமானது, பெரும்பாலோர் அறியாதது. நாம் ஒரு கோப்புறையைச் சொடுக்கியதும் விண்டோஸ் நம்மிடம் எதுவும் கேட்காமல், காலையில் எந்தப் பெயரிலும் கடவுச்சொல்லிலும் நாம் உள்ளே வந்தோமோ அவற்றைக் கொண்டே எதிர்க்கணினியிடம் பேசிப் பார்க்கும். எதிர்க்கணினியின் பதிவேட்டிலும் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் இருந்தால் கதவு ஓசையின்றித் திறக்கும். பொருந்தாவிட்டால்தான் நம் முகத்துக்கு முன்னால் அச்சிறு சாளரம் எழும்.

இதை அறிந்தபோது எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. கதவு திடீரென்று கேட்கத் தொடங்கவில்லை. அது ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நமக்காக வேறு யாரோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராத கடவுச்சொல் கேள்வி என்பது, பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் போய்விட்டார் என்ற செய்தி. எனவே கோளாறைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இவ்வளவு நாளும் யார் பெயரில் இது திறந்தது?" என்பதே.

கெங்குவார்பட்டிக் கடையில் அக்கேள்விக்குக் கிடைத்த விடை எங்களைச் சற்று நேரம் பேசாதிருக்கச் செய்தது. முதன்முதலில் கணினி அமைக்க வந்தவர் இரண்டு இயந்திரங்களிலும் கடை முதலாளியான பெரியவரின் பெயரையே பயனர் பெயராக வைத்து, ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு காலையும் அவர் பெயரில்தான் உள்ளே போய் எழுதிக்கொண்டிருந்தார். பழைய கணினி இறந்தபோது அப்பெயரும் அதனோடு போயிற்று. புதிய மடிக்கணினி மகனின் மின்னஞ்சல் முகவரியில் தொடங்கப்பட்டிருந்தது. முன்கட்டுக் கணினிக்கு அப்படி ஒருவரைத் தெரியாது. ஆகவே கேட்டது.

அவர் தட்டிய எண்கள் ஏன் செல்லவில்லை என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே விடை உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 மின்னஞ்சல் முகவரியால் உள்ளே வரும் முறையைப் புகுத்தியது. 2015இல் வந்த விண்டோஸ் 10 'பின்' எனப்படும் குறுஎண்ணைப் பரவலாக்கியது. அக்குறுஎண் அந்த ஒரு கணினியைத் திறப்பதற்கு மட்டும் உரியது. அதை விட்டு வெளியே போகாது. வலையமைப்பில் அது கடவுச்சொல்லாகச் செல்லவே செல்லாது. இன்று இச்சாளரத்தின் முன் தோற்போரில் பலர் தவறான கடவுச்சொல்லால் தோற்பதில்லை. வீட்டுச் சாவியை வங்கிப் பெட்டகத்தில் நுழைத்துத் தோற்கிறார்கள்.

வேறு சில காரணங்களையும் இங்கே சொல்லிவிடலாம். ஒரு கணினியில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மற்றதில் மாற்றாதிருப்பது முதலாவது. முன்பு 'நினைவில் கொள்' என்று குறியிட்ட பழைய சொல்லை விண்டோஸ் தன் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பெட்டகத்திலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டே இருப்பது இரண்டாவது. பழைய பதிவை அங்கே நீக்கினால்தான் புதியது ஏறும். ஒரே கணினியோடு இரண்டு பெயர்களில் ஒரே நேரத்தில் தொடர்பு கொள்ள முயல்வது மூன்றாவது. விண்டோஸ் அதை அனுமதிக்காது, முதல் தொடர்பைத் துண்டித்தாக வேண்டும். பெயரைத் தட்டும்போது அது எந்தக் கணினியின் பதிவேட்டில் உள்ளதோ அக்கணினியின் பெயரையும் முன்னால் சேர்த்துத் தட்டுவது நல்லது. சொல் சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், தடை வேறு வாயிலில் இருக்கிறது. பகிர்வுக்கு ஓர் அனுமதிப் பட்டியல், வட்டில் உள்ள கோப்புறைக்கு மற்றொரு பட்டியல் என இரண்டு உண்டு; இரண்டிலும் பெயர் இருக்க வேண்டும். பொலிபியஸ் சொன்ன மரப்பலகையைப் போல, சொல் எந்த வாயில்வரை போய் நின்றது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

*

கடையில் உடனிருந்த இளைஞர் ஒருவர் வேறு வழி சொன்னார். முன்கட்டுக் கணினியில் கடவுச்சொல் கேட்பதையே நிறுத்திவிடலாம். 'கெஸ்ட்' வழியைத் திறந்துவிடலாம். அப்படியும் சரிவராவிட்டால் எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பைத் திரும்ப இயக்கலாம். பல ஊர்களில் பல கடைகளில் இதுதான் நடக்கிறது. வேலையும் அப்போதைக்கு முடிந்துவிடும்.

ஆனால் அக்கதவுகள் ஏன் மூடப்பட்டன என்பதையும் நாம் நினைவுகூர வேண்டும். 2017 மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் கணினிப்புழு உலகெங்கும் பரவியது. எஸ்எம்பியின் முதல் பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஒரு பிழையே அதன் நுழைவாயில். அப்புழு எவருடைய கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. அதற்குத் தேவைப்படவும் இல்லை. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தும், அதைப் பூசிக்கொள்ளாத கணினிகள் ஏராளம். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டு மீட்புப்பணம் கேட்கப்பட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, புதிதாக நிறுவும்போது பழைய நெறிமுறையைச் சேர்க்காமல் விட்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் ஒரு படி சென்றது. அதன் 'புரோ' வகையில் விருந்தினராக நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டு, பரிமாற்றங்களில் கையொப்பம் கட்டாயமாயிற்று. பெயரற்ற விருந்தினர் கையொப்பம் இட முடியாது அல்லவா? கால் நூற்றாண்டுக் காலம் திறந்திருந்த திண்ணை இவ்வாறு மூடப்பட்டது.

திண்ணை மூடப்படுவதில் இழப்பு இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதே கடையில் உரம் வாங்க வரும் விவசாயியைப் பாருங்கள். உர மானியம் விற்பனைக் கருவியின் பதிவை வைத்து வழங்கப்படும் முறை 2018 மார்ச்சுக்குள் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. யூரியா மூட்டை வாங்குபவர் ஆதார் எண் சொல்லி விரலைக் கருவியில் வைக்கிறார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைக் கருவி சில சமயம் ஒப்புக்கொள்வதில்லை. தலைமுறைகளாக அறிந்த ஆள், அவருடைய தகப்பனார் பெயரும் தோட்டத்தின் எல்லையும் கடைக்காரருக்குத் தெரியும். இருந்தும் அந்த அறிமுகத்தைக் கருவி ஏற்பதில்லை. அறிமுகத்தால் இயங்கிய உலகம் அடையாளத்தால் இயங்கும் உலகமாக மாறும்போது, இடையில் நிற்கும் மனிதருக்கு நேரும் அவமானம் உண்மையானது. கணக்குப்பிள்ளையின் வருத்தமும் அவ்வகையே.

எனினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விரல்ரேகைக் கருவியின் முன் கடைக்காரரின் சாட்சி செல்லாது. உரக்கடையின் கோப்புறை யாரை அறிய வேண்டும் என்பதையோ அக்கடையில் இருப்பவர்களே முடிவு செய்யலாம். நாங்கள் முன்கட்டுக் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கினோம். பெரியவரின் மகன், எந்தப் பெயர் இடுவது என்று எங்களைக் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளையின் பெயரைத் தாமே தட்டினார். கடவுச்சொல்லைக் கணக்குப்பிள்ளை தாமே தேர்ந்து, நாங்கள் பார்க்காதவாறு திரும்பி நின்று தட்டினார். பகிர்வின் பட்டியலிலும் கோப்புறையின் பட்டியலிலும் அப்பெயரைச் சேர்த்தோம். பின்கட்டுக்குப் போய் மறுபடி சொடுக்கினார். சாளரம் வந்தது; பெயரையும் சொல்லையும் கொடுத்தார்; கோப்புறை திறந்தது.

இருபது ஆண்டுகளாக அக்கணக்கை எழுதி வந்தவர் அவர். ஆனால் கணினியின் குறிப்புகளைப் புரட்டினால் அங்கே எழுதியவர் பெரியவர். மறைந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர் பெரியவர். நாளை ஒரு தொகை பிசகினால், நான் எழுதவில்லை என்று சொல்லவும் நான்தான் எழுதினேன் என்று சொல்லவும் கணக்குப்பிள்ளைக்கு ஆதாரம் இருந்திருக்காது. கேள்வி கேட்காத கதவு அவரை நம்பியது என்று அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது அவரை அறியவே இல்லை.

மறுநாள் 20ஆம் தேதி. கணக்கு நேரத்துக்குத் தாக்கலாயிற்று. நாங்கள் விடைபெறும்போது கணக்குப்பிள்ளை சொன்னார்: "பெரியவர் பேரு போனது ஒரு மாதிரியா இருக்கு தம்பி. ஆனா அவரு இருந்திருந்தா, ஏன்யா இவ்வளவு நாளு உன் பேர வைக்கலன்னு என்னையத்தான் வஞ்சிருப்பாரு."